அட்டை போன அமெரிக்க பல்ப் இதழ்கள்: எந்த இதழ், எந்த மாதம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

மேலட்டை கேட்டது:

கைக்கு வந்திருக்கும் ஒரு கட்டு ஆங்கிலக் கதை இதழ்களை வரிசைப்படுத்த வேண்டும். மொத்தம் 31. பெரும்பாலானவை 7×10 அங்குலம். நான்கு அதைவிடப் பெரிது. ஆறு கைக்கு அடக்கமான சின்ன சைஸ். மூன்றில் விலை ஷில்லிங் கணக்கில் இருக்கிறது. உள்ளே இருப்பதோ அமெரிக்கக் கதைகள், இதழும் ஒல்லி. 9 பிரதிகளுக்கு ரேப்பரே (வெளி அட்டையே) இல்லை. தாள் தவிட்டு நிறம், விளிம்பைத் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது.

இவை எல்லாவற்றையும் பல்ப் என்றே சொல்லலாமா? எண்ணிப் பார்த்தவை 128, 144, 112 பக்கம் என்றே வருகின்றன, ஏன்? ரேப்பர் இல்லாததற்குத் தேதி போடுவது எப்படி? 1950களோடு இந்த வகையே காணாமல் போனதற்குத் தொலைக்காட்சிதான் காரணம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், அது சரியா? கடைசியாக, நம்மூர் உப்புக்காற்றில் இவற்றை வைப்பதும் ஸ்கேன் செய்வதும் எப்படி?

---

எட்டுஃபாரம் பதில்:

பக்க எண்ணிக்கையைப் பிடித்தால் மற்றது தானாக வரும். 128, 144, 112 மூன்றையும் 16-ஆல் வகுங்கள்: 8, 9, 7. நம் அச்சகங்களில் சொல்லும் அதே ஃபாரம் கணக்குதான். ஒரு பெரிய தாளை இருபுறமும் அடித்து மடித்தால் 16 பக்கம், இன்னும் பெரிய மெஷினில் 32. பக்கத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ ஃபாரம் ஃபாரமாகத்தான் நடக்கும். கதை நாலு வரி நீண்டுவிட்டது என்று எந்த முதலாளியும் ஒரு ஃபாரம் கூடுதலாக ஓட்ட மாட்டார். மிச்சத்தைப் பின்பக்கம் விளம்பரங்களுக்கு நடுவே ஒட்டிவிடுவார்கள். திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதுலு கதை 1928 பிப்ரவரி வியர்ட் டேல்ஸ் இதழில் 159 முதல் 178 வரை ஓடி, வால் மட்டும் 287-ஆம் பக்கத்தில் போய் முடிகிறது.

ஏதாவது பட்டியலில் 132 பக்கம் என்று பார்த்துவிட்டு நாலு பக்கம் காணோம் என்று தேட வேண்டாம். ரேப்பரின் நாலு பக்கத்தையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு.

பல்ப் என்பது முதலில் தாளின் பெயர். மரத்தை அரைத்து எடுக்கும் கூழ், வேதிமுறையில் சுத்தம் செய்யாதது. கட்டமைப்பைப் பாருங்கள்: உள்ஃபாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கவாட்டில் இரண்டு பின் அடித்து, வழவழப்பான வண்ண ரேப்பரை முதுகில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் மூன்று பக்கக் கட்டிங் கிடையாது. அதனால் விளிம்பு ஏறி இறங்கி இருக்கும். ரேப்பர் உள்தாளைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கும், அந்த நீட்டல்தான் முதலில் மடிந்து கிழியும். ரேப்பர் முழுசாக உள்ள பல்ப்புக்கு ஏன் இவ்வளவு விலை என்றால் இதுதான் விஷயம்.

உங்கள் நான்கு பெரிய பிரதிகள் சேகரிப்பவர்கள் ‘பெட்ஷீட்’ என்று சொல்லும் சைஸாக இருக்கலாம், ஏறக்குறைய 8½×11¾ அங்குலம். ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் தொடங்கிய அமேசிங் ஸ்டோரீஸ் அந்த அளவில்தான் வந்தது: 96 பக்கம், 25 சென்ட். தாள் தடிமனாக இருப்பதால் 96 பக்கமும் கையில் எடுத்தால் கனமாகத் தெரியும். சின்ன சைஸ் ஆறும் டைஜஸ்ட். கறாராகச் சொன்னால் அவை பல்ப் அல்ல, பல்ப்பின் வாரிசுகள்.

---

நாலணா பதில்:

வரலாற்றுக்கு வருகிறேன். பல்ப் இதழின் கதையை எழுத்தாளர்களை வைத்துச் சொல்வதுதான் வழக்கம். தாள், தபால், கடை மூன்றையும் வைத்துச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும்.

ஃபிராங்க் மன்சி 1882-ல் சிறுவர் வார இதழாகத் தொடங்கியது கோல்டன் ஆர்கசி. 1888-ல் பெயரில் இருந்த கோல்டன் போயிற்று. 1896-ல் படம், கட்டுரை எல்லாவற்றையும் தூக்கிவிட்டு முழுக்கக் கதை, மலிவுத்தாள், 192 பக்கம், 10 சென்ட் என்று மாற்றினார். ரேப்பரில்கூடப் படம் இல்லை. வாசகனுக்குக் கதை போதும், பளபளத் தாள் வேண்டாம் என்பது அவர் போட்ட கணக்கு. சில ஆண்டுகளில் விற்பனை லட்சங்களைத் தொட்டது. அந்தக் கணக்குதான் அடுத்த ஐம்பது ஆண்டு ஓடியது.

தபால் பக்கம் பலர் கவனிக்காதது. 1885 முதல் பருவ இதழுக்கு இரண்டாம் வகுப்புக் கட்டணம் பவுண்டுக்கு 1 சென்ட். அதுவே புத்தகம் என்று கருதப்பட்டால் மூன்றாம் வகுப்பு, இரண்டு அவுன்ஸுக்கு 1 சென்ட், அதாவது பவுண்டுக்கு 8 சென்ட். எட்டு மடங்கு! இதழுக்கு ஒரு முழுக்கதை என்று வந்த வாராந்தரக் கதைப் புத்தகங்களைத் தபால் துறை புத்தகம் என்றே முடிவு கட்டியது. டிப் டாப் வீக்லியை வெளியிட்ட ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் உச்ச நீதிமன்றம் வரை போய் 1912-ல் தோற்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். பல கதைகள், ஒரு தொடர், வாசகர் கடிதம் என்று கலந்து கட்டிக் கொடுத்தால் அது ஐயமில்லாமல் ‘இதழ்’. 1915-ல் அதே நிறுவனம் நிக் கார்ட்டர் வார இதழை நிறுத்திவிட்டு டிடெக்டிவ் ஸ்டோரி மேகசின் என்ற பல கதை இதழாக மாற்றியது. ஒரே வகைக் கதைக்கென்று தனி இதழ் என்கிற பழக்கம் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. வெஸ்டர்ன் ஸ்டோரி 1919, லவ் ஸ்டோரி 1921.

வரவு செலவையும் பாருங்கள். 128 பக்கத்தில் 110 பக்கம் கதை, இரண்டு பத்தியில் பக்கத்துக்கு 550 சொல் என்று வைத்தால் சுமார் 60,000 சொல். வழக்கமான கூலி சொல்லுக்கு 1 சென்ட். ஆக ஓர் இதழின் மொத்தக் கதைச் செலவே 600 டாலர். வியர்ட் டேல்ஸுக்கு மார்கரெட் பிரண்டேஜ் சாக்குக்கட்டியில் வரைந்து கொடுத்த ரேப்பர் ஓவியத்துக்கு 90 டாலர். விளம்பர வருமானம் சொற்பம், கடை விற்பனைதான் எல்லாம். அதனால்தான் உள்ளே மட்டமான தாளும் வெளியே கண்ணைப் பறிக்கும் ரேப்பரும்.

ரேப்பர் எப்படி ஓர் இதழையே பிறப்பிக்கும் என்பதற்கு அஸ்டவுண்டிங் உதாரணம். அதன் முதல் ஆசிரியர் ஹாரி பேட்ஸ் சொன்னது: பதிப்பாளர் வில்லியம் கிளேட்டனிடம் 13 இதழ்கள் இருந்தன. எல்லா ரேப்பரையும் ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிப்பார்கள், அதில் 16 இடம். மூன்று இடம் வெற்றாகப் போகிறது, வண்ண ரேப்பர் தாளோ விலை கூடியது. அந்த வெற்றிடத்தை நிரப்ப என்ன இதழ் போடலாம் என்ற பேச்சில் பிறந்தது 1930 ஜனவரி அஸ்டவுண்டிங். கிளேட்டன் சொல்லுக்கு 2 சென்ட் கொடுத்தவர், அதுவும் கதையை ஏற்றுக்கொண்டவுடன். பல இடங்களில் கதை அச்சாகி வந்த பிறகுதான் காசு. இதழ் இடையில் நின்றுபோனால் அதுவும் இல்லை.

இன்னொன்று, பெரிய பத்திரிகையின் நஷ்டத்தை ஈடுகட்டவும் பல்ப் தொடங்கினார்கள். பத்திரிகை ஆசிரியர்கள் மென்கனும் நேதனும் தங்கள் இலக்கிய இதழுக்குக் காசு சேர்க்க 1920-ல் 500 டாலர் போட்டு பிளாக் மாஸ்க் ஆரம்பித்தார்கள். 8 இதழ் போட்டுவிட்டு 12,500 டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஹேமெட்டின் துப்பறியும் நாவல் மால்டீஸ் ஃபால்கன் அதில் தொடராக வந்தது (1929 செப்டம்பர் முதல் 1930 ஜனவரி வரை) அவர்கள் கையை விட்டுப் போய் வெகுநாள் கழித்து, ஜோசப் ஷா ஆசிரியராக இருந்தபோது.

முடிவைப் பற்றி: தொலைக்காட்சி கொன்றது என்பது சோம்பேறி விடை. போர்க்காலத் தாள் கட்டுப்பாடு 1942-43லேயே இடுப்பை ஒடித்துவிட்டது. அன்னோன் இதழ் 1943 அக்டோபரோடு நின்றது, அஸ்டவுண்டிங் அடுத்த மாதமே டைஜஸ்ட் ஆனது. 10 சென்ட் காமிக்ஸ் ஒரு பக்கம், 1939-ல் தொடங்கிய பாக்கெட் புக்ஸின் 25 சென்ட் நாவல் இன்னொரு பக்கம். 1949-ல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தன் பல்ப் இதழ்கள் அத்தனையையும் மூடியபோது அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவற்றில் டிவி பெட்டியே இல்லை. கடைசி அடி விநியோகத்தில் விழுந்தது. 1957-ல் அமெரிக்கன் நியூஸ் கம்பெனி நாடு தழுவிய விநியோகத்தை நிறுத்தியதும் சின்னப் பதிப்பாளர்களுக்குக் கடைக்குப் போக வழியில்லை.

---

குறுக்குச்சுட்டி பதில்:

நாலணா அவர்களின் பதிலில் ஒரு திருத்தம். 1949-ல் மூடியது ‘அத்தனையும்’ அல்ல. அஸ்டவுண்டிங்கை வைத்துக்கொண்டார்கள், அதற்குள் அது டைஜஸ்ட் ஆகிவிட்டிருந்தது. தி ஷேடோவும் (325 இதழ்) டாக் சேவேஜும் (181 இதழ்) அந்த ஆண்டு போனவை. 1957-ஐயும் முற்றுப்புள்ளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சயின்ஸ் ஃபிக்‌ஷன் குவார்ட்டர்லி பல்ப் சைஸிலேயே 1958 பிப்ரவரி வரை வந்தது, ராஞ்ச் ரொமான்சஸ் 1971 வரை தள்ளியது.

இனி ரேப்பர் இல்லாத 9 பிரதிகள். முதலில் முதுகைப் பாருங்கள். பசையோடு ரேப்பர் நார்கள் ஒட்டியிருந்தால் அது பின்னால் பிய்ந்தது. ரேப்பரின் மேல்பகுதி மட்டும் நேர்கோட்டில் வெட்டியெடுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் ரிட்டர்ன் பிரதி. விற்காத இதழை முழுசாகத் திருப்பி அனுப்பினால் சரக்குக்கூலி கட்டாது. பெயர் உள்ள துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். உடம்பு எடைக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் அரை விலைக்குப் பழைய கடைக்குப் போயிருக்கும்.

தேதி கண்டுபிடிக்க, இந்த வரிசையில் போங்கள்.

வாசகர் கடிதப் பகுதியின் பெயர். இதுதான் இதழின் கைரேகை. ‘தி ஐரி’ என்றால் வியர்ட் டேல்ஸ். ‘பிராஸ் டாக்ஸ்’ அஸ்டவுண்டிங். ‘தி கேம்ப்-ஃபயர்’ அட்வென்ச்சர். ‘ஆர்கோநோட்ஸ்’ ஆர்கசி. ‘தி விசிகிராஃப்’ பிளானட் ஸ்டோரீஸ். ‘தி ஈதர் வைப்ரேட்ஸ்’ ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ். பல இதழ்களில் இடப்பக்கத் தலையிலேயே இதழின் பெயரும் இருக்கும், அதையும் பாருங்கள்.

விளம்பர முகவரிகள். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்று அல்லது இரண்டு இலக்க எண் (‘சிகாகோ 6’ என்பது போல) இருந்தால் 1943 மே மாதத்துக்கு முன் அச்சாகியிருக்க முடியாது. அப்போதுதான் பெரிய நகரங்களுக்குத் தபால் மண்டல எண் வந்தது. ஐந்திலக்க எண் இருந்தால் 1963-க்குப் பிறகு. இறக்கை விரித்த நீலக்கழுகு முத்திரை (அன்றைய அமெரிக்க அரசின் தொழில் மீட்புத் திட்டச் சின்னம்) 1933-35. போர்க் கடன்பத்திர விளம்பரம் 1942-45.

உடைமை அறிக்கை. 1912 ஆகஸ்ட் 24 சட்டப்படி பதிப்பாளர், ஆசிரியர், உரிமையாளர் பெயரைப் பிரமாணத்தோடு அச்சிட வேண்டும். பின்பக்கங்களில் பொடி எழுத்தில் பெட்டி கட்டி இருக்கும். ‘அக்டோபர் 1, 19—’ என்று அதில் இருக்கும் தேதியை இதழின் தேதி என்று எழுதிவிடாதீர்கள். அறிக்கை அச்சேறி வர ஓரிரு மாதம் ஆகும். நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. விற்பனை எண்ணிக்கையை அதில் தேட வேண்டாம், அந்தக் காலத்து மாத இதழ் அறிக்கைகளில் அது வராது.

தொடர்கதை. ‘மூன்றாம் பகுதி’ என்று இருந்தால் அந்தத் தலைப்பை ஃபிக்‌ஷன்மேக்ஸ் இன்டெக்ஸ், ஐஎஸ்எஃப்டிபி என்ற இணையக் கதைப் பட்டியல்களில் ஒன்றில் போட்டால் ஒரே நிமிடத்தில் மாதம் வந்துவிடும். சிறுகதைத் தலைப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மறுபிரசுரமாக இருக்கலாம்.

ஷில்லிங் விலை மூன்றும் பிரிட்டிஷ் மறுபதிப்பு. 1930களில் விற்காத அமெரிக்கப் பிரதிகள் கப்பலேறி பிரிட்டனின் ஊல்வொர்த் கடைகளில் மலிவாகக் குவிந்தன. போர் அந்த வரத்தை நிறுத்தியது. அஸ்டவுண்டிங்கின் அட்லஸ் பதிப்பு 1939 ஆகஸ்ட் முதல், வியர்ட் டேல்ஸின் தோர்ப் அண்ட் போர்ட்டர் பதிப்பு 1949 முதல். பக்கம் குறைவு, அதனால் சில கதைகளும் தொடர்களும் உதிர்ந்திருக்கும். அமெரிக்க மாதமும் பிரிட்டிஷ் மாதமும் ஒன்றாக இருக்காது. பட்டியலில் இவற்றைத் தனி வரியாக எழுதுங்கள்.

---

மேலட்டை எழுதியது:

மிக்க நன்றி. ‘தி ஐரி’ மூன்று பிரதிகளில் இருக்கிறது. அதில் ஒன்று குழப்புகிறது. முதல் தாளும் கடைசித் தாளும் போய்விட்டன, ஆனால் பக்க எண் 435-ல் தொடங்கி 574-ல் முடிகிறது. இதழுக்கு 144 பக்கம் என்றால் இது எப்படி? இரண்டு மூன்று இதழைச் சேர்த்து பைண்ட் செய்து பிரித்ததா?

---

குறுக்குச்சுட்டி பதில்:

பைண்டிங் இல்லை. வியர்ட் டேல்ஸ் அந்தக் காலத்தில் ஒரு தொகுதி முழுக்கப் பக்க எண்ணைத் தொடர்ச்சியாகப் போட்டது. ஆறு மாதம் ஒரு தொகுதி: முதல் இதழ் 1-144, இரண்டாவது 145-288, மூன்றாவது 289-432, நான்காவது 433-576. உங்கள் பிரதி நான்காவது. ஜனவரியில் தொடங்கும் தொகுதி என்றால் ஏப்ரல், ஜூலையில் தொடங்குவது என்றால் அக்டோபர். வேறு மாதமாக இருக்க வழியில்லை, 1931-ஐத் தவிர. அந்த ஆண்டு பிப்ரவரி-மார்ச், ஏப்ரல்-மே, ஜூன்-ஜூலை என்று இரட்டை மாத இதழ்கள் வந்து கணக்கு குலைந்து, ஆகஸ்டில் புதுத் தொகுதி தொடங்கியது.

இப்போது ஆண்டு. 449-ஆம் பக்கம் லவ்கிராஃப்டின் அவுட்சைடர் தொடங்கினால் 1926 ஏப்ரல். 505-ல் பிக்மன்ஸ் மாடல் இருந்தால் 1927 அக்டோபர். 481-ல் டன்விச் ஹாரர் இருந்தால் 1929 ஏப்ரல். மூன்றும் இல்லையா, ஐரி பகுதியைப் படியுங்கள். அதில் வாசகர்கள் பாராட்டும் கதைகள் சில மாதம் முந்தைய இதழில் வந்தவை. அந்த இதழின் மாதத்தைப் பிடித்தால் இதுவும் மாட்டிக்கொள்ளும். அடுத்த இதழ் அறிவிப்புப் பெட்டி தப்பியிருந்தால் இன்னும் எளிது. ஆனால் அதில் கவனம்: ரேப்பரில் உள்ள மாதம் கடையிலிருந்து எடுக்க வேண்டிய மாதம், வந்த மாதம் அல்ல. நவம்பர் இதழ் அக்டோபர் தொடக்கத்திலேயே கடையில் இருக்கும்.

1930களின் நடுவில் இதழுக்கு 128 பக்கமாகக் குறைந்தது. அப்போது நான்காவது இதழ் 385-512. 144-ஆல் வகுத்துப் பொருந்தவில்லை என்றால் 128-ஐப் போட்டுப் பாருங்கள். பதிப்பக ஊரும் உதவும்: 1920களின் பிற்பகுதி முதல் 1938 வரை சிகாகோ, அதன்பின் நியூயார்க்.

---

சந்துக்கடை கேட்டது:

இடையில் ஒரு சந்தேகம். நம்மூர் மாத நாவல்களையும் பல்ப் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

---

நாலணா பதில்:

தாள் ஒன்று, வடிவம் வேறு. 1969-ல் தொடங்கிய ராணி முத்து முதல் நம்மிடம் ஓடியது ‘ஓர் இதழ், ஒரு நாவல்’. வாசகன் கடையில் கேட்பது எழுத்தாளர் பெயரை. அமெரிக்க பல்ப்பில் ஏழெட்டுக் கதை, ஒரு தொடர், கடிதப் பகுதி. கேட்பது இதழின் பெயரை. எழுத்தாளர் பெயரே பல நேரம் நிறுவனத்தின் சொத்து. ஷேடோ கதைகளில் இருக்கும் மேக்ஸ்வெல் கிராண்ட் ஒரு கூட்டுப்பெயர், பெரும்பாலானவற்றை எழுதியவர் வால்டர் கிப்சன். டாக் சேவேஜின் கென்னத் ரோப்சனுக்குப் பின்னால் பெரும்பாலும் லெஸ்டர் டென்ட். நம் மாத நாவல் 1912 அமெரிக்கத் தபால் துறை கையில் கிடைத்திருந்தால் ‘இது புத்தகம், பவுண்டுக்கு 8 சென்ட் கட்டு’ என்றிருப்பார்கள்!

மொழிபெயர்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1964-க்கு முன் வந்தவற்றுக்கு 28-ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பித்திருந்தால் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. இதழுக்குப் புதுப்பிக்காமல் கதைக்கு மட்டும் எழுத்தாளர் புதுப்பித்திருப்பதும் உண்டு, ஆகவே இரண்டையும் தேட வேண்டும். இந்தியாவில் கணக்கு வேறு: எழுத்தாளர் இறந்த பின் 60 ஆண்டு.

---

ஈரக்காற்று பதில்:

பாதுகாப்பு, ஸ்கேன் பற்றி யாரும் தொடவில்லை. தாள் ஏன் உதிர்கிறது என்று தெரிந்தால் என்ன செய்யக் கூடாது என்பதும் தெரியும். அரைத்த மரக்கூழில் லிக்னின் (மரநாரை இறுக்கிப் பிடிக்கும் பொருள்) அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும், அமிலத்தையும் விடும். தாள் செய்யும்போது சேர்த்த படிகாரமும் அமிலத்தைக் கூட்டும். அமிலம் நாரைத் துண்டு துண்டாக்குகிறது. வெப்பமும் ஈரமும் அதை விரட்டுகின்றன. காற்று விளிம்பிலிருந்து நுழைவதால் விளிம்பு முதலில் போகிறது. நடுப்பக்கம் இன்னும் வெளுப்பாக இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். போன வலிமை திரும்பாது. அமில நீக்க ஸ்ப்ரே வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வண்ண ரேப்பரில் அடிக்கவே அடிக்காதீர்கள். தாள் எவ்வளவு தாங்கும் என்று மூலையை மடித்து மடித்துப் பார்க்கும் பழக்கம் நூலகங்களில் இருந்தது. பல்ப்பில் செய்தால் மூலை கையோடு வந்துவிடும்.

முதலில் பூச்சி. வெள்ளிப்பூச்சி, புத்தகப் பேன் இருப்பதாகச் சந்தேகம் வந்தால், பிரதியைக் கனமான பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி அடைத்து −20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் நம் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வியர்வையாக இறங்கி ரேப்பர்கள் ஒட்டிக்கொள்ளும். நாஃப்தலின் உருண்டை வேண்டாம், வாடை தாளை விட்டுப் போகாது, மூச்சுக்கும் கெடுதல்.

வைக்க பாலியெஸ்டர் உறை (மைலார் என்று கேட்டால் கிடைக்கும்), பின்னால் அமிலமற்ற அட்டை. பாலிபுரொப்பிலீன் பரவாயில்லை. பிவிசி கூடாது. சாதாரண காலண்டர் அட்டையைச் செருகினால் அதன் அமிலமும் சேர்ந்து ஏறும். படுக்க வைத்து ஐந்தாறுக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். ஈரப்பதம் 35-50 சதவீதம் நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சை. ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். கடலோர ஊர்களில் பலர் செய்யும் தவறு, ஏசி அறையில் வைத்துவிட்டுப் பகலில் போட்டு இரவில் நிறுத்துவது. ஈரம் ஏறி இறங்குவதில் தாள் சுருங்கி விரிந்து முதுகு விடும். அதைவிட மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் மேல். நிறம் மாறியதும் ஜெல்லை எடுத்து ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் பத்தாண்டில் பசை கசிந்து எண்ணெய்க் கறை ஆகும். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. மெல்லிய ஜப்பானியத் தாளும் மீதைல் செல்லுலோஸ் பசையும் போதும், அதுவும் கிழிசல் பெரிதாகும் இடங்களில் மட்டும். லாமினேஷன் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள்.

ஸ்கேன்: கண்ணாடி ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள். பக்கவாட்டுப் பின் அடித்த இதழ் தட்டையாக விரியாது, அழுத்தினால் முதுகு பட்டென்று உடையும். இருபுறமும் தாங்கு கொடுத்து 90-100 டிகிரி மட்டும் திறந்து, மேலிருந்து கேமரா. முதலில் வலப்பக்கங்களை வரிசையாக எடுத்து முடித்து, இதழைத் திருப்பி வைத்து இடப்பக்கங்கள். ஒரு பக்கம் 7×10 அங்குலம். 24 மெகாபிக்சல் கேமராவில் (6000×4000) பக்கம் சட்டத்தை நிரப்பினால் 400 டிபிஐக்கு மேல் தாராளமாக வரும். விளக்கு இருபக்கமும் 45 டிகிரியில். பின்பக்க எழுத்து தெரிகிறது என்றால் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் செருகுங்கள். எழுத்தறி மென்பொருளுக்கு இரண்டு பத்தி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இடப்பத்தி வரியையும் வலப்பத்தி வரியையும் சேர்த்துப் படித்து வைக்கும். ஸ்கேன் தொடங்கும் முன் அந்த இதழ் இன்டர்நெட் ஆர்கைவில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் பிரதியில் மட்டும் நல்லபடியாக உள்ள பக்கங்களை எடுத்தால் போதும்.

---

மேலட்டை எழுதியது:

பின்கள் துருப்பிடித்திருக்கின்றன. கழற்றிவிட்டு ஸ்கேன் செய்தால் தட்டையாக வருமே, கழற்றலாமா?

---

ஈரக்காற்று பதில்:

ரேப்பர் உள்ள பிரதியில் கழற்றவே வேண்டாம். பின் ரேப்பருக்கு அடியில் இருக்கிறது. முதுகுப் பசையைப் பிரிக்காமல் எடுக்க முடியாது, பிரித்தால் ரேப்பர் போச்சு. ரேப்பர் இல்லாததில் எடுக்கலாம். பின்னின் மடிந்த கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, மறுபக்கத்திலிருந்து தள்ள வேண்டும். இழுத்தால் துருவோடு தாளும் வரும். துருக்கறை தாளில் பரவியிருந்தால் சுரண்டாமல் விட்டுவிடுங்கள். எடுத்த பின் ஃபாரம் ஃபாரமாக வையுங்கள், தனித்தனித் தாளாகப் பிரிக்காதீர்கள்.

வேலை செய்யும்போது அடியில் வெள்ளைத் தாள் விரித்து, உதிரும் துண்டுகளை அந்தந்தப் பிரதியின் பெயர் எழுதிய உறையில் போடுங்கள். மேல்விளிம்புத் துண்டில்தான் பக்க எண் இருக்கும். 435-ஐ வைத்து மாதம் கண்டுபிடித்தது போல, மற்ற பிரதிகளுக்கும் அது தேவைப்படும்.